லேபில் பார்த்தது முக்கோணம், ரெக்கார்டில் வரைந்தது சைன் அலை: இந்தப் படிப்பு எனக்குச் சரிவருமா?

கருகிய ரெசிஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். மின்னியல் மின்னணுவியல் பொறியியல், இரண்டாம் ஆண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

பள்ளிக்கூட நாளிலேயே கையில் சால்டரிங் அயர்னோடு திரிந்தவன் நான். கெட்டுப்போன ரேடியோ, பொம்மைக் கார், எது கிடைத்தாலும் பிரித்துவிடுவேன். திரும்பச் சேர்க்கத் தெரியாது, அது வேறு கதை. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கைக்கு வந்ததும் எல்இடி, சென்சார், மோட்டார் என்று மேசையில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். இதையே நாலு வருடம் பெரிய அளவில் செய்யலாம் என்றுதான் இந்தப் பிரிவை எடுத்தேன். சேர்ந்த நாளிலிருந்து கணக்கு, கணக்கு, கணக்கு. முதலாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள், கலப்பெண்கள். இப்போது லாப்லாஸ், ஃபூரியே உருமாற்றங்கள், போதாததற்கு மின்காந்தவியல். நூறு கெப்பாசிட்டரைக் கையில் எடுத்தவன் நான், அதைப் பற்றிக் கேள்வி வந்தால் தாளில் விடை எழுத வரவில்லை. ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காத பக்கத்து இருக்கைக்காரன் மளமளவென்று எழுதிவிட்டு எழுந்து போகிறான்.

போன வாரம் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) லேப். இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கிப் பெருக்கும் சுற்று. 1 கிலோஹெர்ட்ஸில் அழகான சைன் அலை. 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஆஸிலோஸ்கோப் திரையில் முக்கோணம், உயரமும் குறைந்துவிட்டது. ஐசியை மாற்றினேன், வயரை மாற்றினேன், பிரெட்போர்டையே மாற்றினேன், முக்கோணம் அசையவில்லை. பக்கத்து மேசைகளிலும் அதேதான், ஆனால் யாரும் கவலைப்படவில்லை. சீனியரின் ரெக்கார்டில் இருந்த சைன் அலையைப் பார்த்து வரைந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் நானும் அதையே வரைந்து நீட்டினேன். கையெழுத்தும் விழுந்துவிட்டது. அதிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். கணக்கு வராத, கைவேலை மட்டும் வருகிற ஒருவன் இதில் தேறுவானா? கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மாறிவிடலாமா?

நிரல்வாசி:

மாறிவிடு தம்பி. நானும் இதே படிப்பை முடித்தவன்தான். ட்ரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ஜெனரேட்டர் என்று நாலு வருடம் மாரடித்தேன், முடித்த நாளிலிருந்து இன்றுவரை நிரல் எழுதித்தான் சாப்பிடுகிறேன். மின்விசிறி சுவிட்சைத் தவிர எந்த மோட்டாரையும் அதற்கப்புறம் தொட்டதில்லை. லேபைப் பற்றிச் சொல்கிறாயே, இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் சிமுலேட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம், அந்தப் பழைய மேசையில் மூன்று மணி நேரம் வயர் பிடுங்குவதில் என்ன இருக்கிறது?

மூன்று ஃபேஸ்:

நிரல்வாசி சொல்வது அவர் வரையில் சரி. நான் துணைமின்நிலையங்களில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன், என் வரையில் வேறு மாதிரி.

தம்பி, நீ கணக்கையும் கைவேலையையும் இரண்டு தட்டில் வைத்து நிறுக்கிறாய். கலப்பெண்ணையே எடுத்துக்கொள். ஏசி சுற்று ஒன்றில் மின்னோட்டம் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் ஒவ்வொரு தடவையும் வகைக்கெழுச் சமன்பாட்டைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 1893-ல் ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியாளர், ஏசி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கலப்பெண்ணாக எழுதினால் ஓம் விதியை அப்படியே போட்டுக் கூட்டிக் கழித்து முடித்துவிடலாம் என்று காட்டினார். வேலையைக் குறைக்க வந்த குறுக்குவழி அது. அதை நமக்குத் தண்டனை மாதிரி முதலாம் ஆண்டில் கணக்கு வகுப்பில் தனியாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், சுற்று ஒரு வருடம் கழித்து வருகிறது, இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு வகுப்பில் ஐ என்று எழுதியது நம் வகுப்பில் ஜே ஆகிவிடும், ஏனென்றால் ஐ ஏற்கெனவே மின்னோட்டத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு எழுத்து மாற்றத்திலேயே பாதிப் பையன்கள் இது வேறு பாடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. எங்களிடம் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு இன்டக்‌ஷன் மோட்டாரின் பெயர்த் தகட்டைக் காட்டுவேன். 50 ஹெர்ட்ஸ், 4 துருவம், 1440 ஆர்பிஎம் என்று இருக்கும். ஏன் 1440, ஏன் 1500 இல்லை என்று கேட்பேன். 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் காந்தப்புலம் சுற்றுவது 1500. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். ரோட்டரும் அதே வேகத்தில் சுற்றினால் புலம் அதன் கம்பிகளை வெட்டாது, கம்பியில் மின்னோட்டம் வராது, முறுக்குவிசையும் வராது. அதனால் அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடியாக வேண்டும், இங்கே 60 சுற்று, அதாவது 4 சதவீதம் ஸ்லிப். இதை வாயால் சொல்லத் தெரிந்தவன் பத்துக்கு இரண்டு பேர். கைவேலைக்காரனுக்கு இது சீக்கிரம் பிடிபடும், அதனால்தான் உன்னை அவசரப்பட்டு மாறாதே என்கிறேன்.

அரை அலை:

நான் முதலாம் ஆண்டு. கிர்க்காஃப் விதியிலேயே கண்ணைக் கட்டுகிறது. குறி எப்போது பிளஸ், எப்போது மைனஸ் என்று ஒவ்வொரு கணக்கிலும் தடுமாறுகிறேன். இரண்டாம் ஆண்டு இதைவிடக் கஷ்டம் என்கிறீர்கள், நல்லது 😐

சிப்பி:

அரை அலை, மின்னோட்டத்தின் திசையை நீயே இஷ்டத்துக்கு வைத்துக்கொள், வைத்ததைக் கடைசிவரை மாற்றாதே. விடை மைனஸில் வந்தால் திசை எதிர்ப்பக்கம், அவ்வளவுதான், நீ தப்பு செய்ததாக அர்த்தம் இல்லை. பாதியில் திசையைத் திருத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம், 1845-ல் அந்த விதிகளை எழுதியபோது கிர்க்காஃபும் மாணவர்தான், வயது 21.

கருகிய ரெசிஸ்டர், பிரிவு மாறுவதை அப்புறம் பேசுவோம், முதலில் அந்த முக்கோணத்துக்கு வா. எந்த ஐசி? சப்ளை எவ்வளவு? ரெசிஸ்டர் மதிப்பு என்ன? உள்ளே என்ன கொடுத்தாய்? வெளியே எவ்வளவு வந்தது? இது எதுவுமே உன் பதிவில் இல்லை. சுற்று வேலை செய்யவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் நாங்கள் முதலில் கேட்பது எண்களைத்தான்.

கருகிய ரெசிஸ்டர்:

மன்னிக்க வேண்டும் அக்கா. ஐசி 741, ஒரு ஆப்-ஆம்ப். சப்ளை பிளஸ் மைனஸ் 15 வோல்ட். உள்ளே 1 கிலோஓம், ஃபீட்பேக்கில் 10 கிலோஓம், ஆக 10 மடங்கு. உள்ளீடு 1 வோல்ட் உச்சம். 1 கிலோஹெர்ட்ஸில் வெளியே 10 வோல்ட் உச்சம், கணக்காக வந்தது. 20 கிலோஹெர்ட்ஸில் முக்கோணம், மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை 12 அல்லது 13 வோல்ட் இருக்கும். சரியாகக் குறித்துவைக்கவில்லை, அதுதான் சைன் வரைந்துவிட்டேனே. வீட்டுக்கு வந்து சிமுலேட்டரில் போட்டேன், அதில் 20 கிலோஹெர்ட்ஸிலும் 10 வோல்ட் சைன் சுத்தமாக வருகிறது. ஒரு சீனியர் பேண்ட்விட்த், அதாவது ஐசி சரியாகப் பெருக்கக்கூடிய அதிர்வெண் வரம்பு, போதவில்லை என்றார்.

நிரல்வாசி:

சீனியர் சொன்னது சரி. 741-க்கு கெயினையும் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) பேண்ட்விட்த்தையும் பெருக்கினால் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். பாருங்கள், எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லேப் கதவு:

மறக்கவில்லை, ஆனால் போட்டுப் பார்க்கவும் இல்லை. 1 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மடங்கு இன்வெர்ட்டிங் சுற்றுக்கு அதை 11-ஆல் வகுக்க வேண்டும், 91 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. 20 கிலோஹெர்ட்ஸ் அதற்கு வெகு கீழே. அந்த இடத்தில் கெயின் 10-லிருந்து 9.8-க்குத்தான் இறங்கும், கண்ணுக்கே தெரியாது. தவிர, பேண்ட்விட்த் குறைந்தால் சைன் அலை சின்ன சைன் அலையாகத்தான் ஆகுமே தவிர முக்கோணமாக ஆகாது. வடிவம் மாறினாலே சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்.

நான் ஒரு பல்கலைக்கழக லேபில் மாணவர்களோடு நிற்பவன். வருடா வருடம் இந்த முக்கோணத்தைப் பார்க்கிறேன், வருடா வருடம் ரெக்கார்டில் சைன் அலை வருகிறது. தம்பி, நீ தனியாள் இல்லை.

741-இன் தரவுத்தாளில் ஸ்லூ ரேட் என்று ஒரு வரி இருக்கும், ஒரு மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட். அந்த ஐசியின் வெளியீடு அதைவிட வேகமாக ஏறவும் இறங்கவும் முடியாது. இப்போது உன் சைன் அலை எவ்வளவு வேகம் கேட்கிறது என்று பார். சைன் அலையை வகையீடு செய், சரிவு அதிகபட்சமாக இருப்பது சுழியைக் கடக்கும் இடத்தில், அங்கே அதன் மதிப்பு 2 பை பெருக்கல் அதிர்வெண் பெருக்கல் உச்சம். 6.28, 20,000, 10, மூன்றையும் பெருக்கினால் செகண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் வோல்ட் சொச்சம், அதாவது மைக்ரோசெகண்டுக்கு 1.26 வோல்ட். கேட்பது 1.26, இருப்பது 0.5. பாவம், அது தன்னால் முடிந்த வேகத்தில் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது, உச்சியைத் தொடுவதற்குள் உள்ளீடு திரும்பிவிடுகிறது, உடனே நேர்கோட்டில் இறங்குகிறது. ஏற்றமும் நேர்கோடு இறக்கமும் நேர்கோடு என்றால் முக்கோணம்தானே.

உயரத்தையும் கணக்கிடலாம். 20 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு 25 மைக்ரோசெகண்ட். 0.5-ஆல் பெருக்கு. 12.5 வோல்ட். நீ பார்த்தது 12 அல்லது 13.

வகைக்கெழு வராது என்று சொன்னாயே, அது உன் திரையில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தது.

கருகிய ரெசிஸ்டர்:

அண்ணா, 12.5-ஐப் பார்த்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது ஏன் 0.5? அதாவது அந்த எண் எங்கிருந்து வருகிறது?

சிப்பி:

இதைத்தான் எதிர்பார்த்தேன். நூறு கெப்பாசிட்டரைத் தொட்டவன் என்றாயே, நூற்றியொன்றாவது அந்த ஐசிக்குள் இருக்கிறது. 30 பிகோஃபாரட். சுற்று தானாக அலையத் தொடங்கிவிடாமல் இருக்க உள்ளேயே வைத்திருக்கிறார்கள். 1968-ல் ஃபேர்சைல்ட் இந்த 741-ஐக் கொண்டுவருவதற்கு முன்பு இருந்தவற்றில் அந்தக் கெப்பாசிட்டரை நாமே வெளியே மாட்ட வேண்டும். 741 அவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பவும் காலி செய்யவும் முன்நிலைச் சுற்று தரக்கூடிய மின்னோட்டம் 15, 20 மைக்ரோஆம்பியர், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் சூத்திரம் என்ன? மின்னோட்டம் என்பது கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் மின்னழுத்தம் மாறும் வேகம். 15 மைக்ரோவை 30 பிகோவால் வகுத்துப் பார். தேர்வில் விடை எழுத வரவில்லை என்ற அதே கெப்பாசிட்டர்தான்.

சிமுலேட்டரில் ஏன் வரவில்லை என்றால், நீ போட்டது இலட்சிய ஆப்-ஆம்பாக இருக்கும், அதாவது முக்கோணக் குறி ஒன்று, உள்ளே எதுவும் இல்லை. 741-இன் மாதிரியை இறக்கிப் போட்டால் அதிலும் முக்கோணம் வரும். சிமுலேட்டர் பொய் சொல்லவில்லை, நீ கேட்காததை அது சொல்லாது. நாள் முழுக்க சிமுலேஷனில்தான் இருக்கிறேன், சிப் சரிபார்ப்பு வேலை, அதனால் நிரல்வாசி சொன்னதை அப்படியே விடவும் மனசில்லை. என் முதல் ப்ராஜெக்ட் ஒரு கவுன்ட்டர். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒன்று ஏற வேண்டும். சிமுலேஷனில் ஒன்று ஏறியது. மேசையில் மூன்று ஏறும், சில சமயம் நாலு. இரண்டு நாள் நிரலைத் தோண்டினேன். கடைசியில் பொத்தான்தான், அதன் உலோகத் தகடு ஒரே தடவையில் போய் ஒட்டாது, சில மில்லிசெகண்டுக்குத் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும், ஒவ்வொரு துள்ளலையும் கவுன்ட்டர் ஒரு அழுத்தமாக எண்ணியிருக்கிறது. சிமுலேட்டரில் நான் கொடுத்த பொத்தான் துள்ளாத பொத்தான். 10 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் போட்டு 10 மில்லிசெகண்டுக்கு மந்தமாக்கி, பின்னால் ஒரு ஷ்மிட் ட்ரிகர் (மெதுவாக மாறும் சிக்னலைத் தெளிவான ஆன், ஆஃபாக மாற்றும் சுற்று) வைத்ததும் அடங்கியது.

நிரல்வாசி:

சரி சரி, பேண்ட்விட்த் விஷயத்தில் தோற்றேன் 😀 துள்ளும் பொத்தானை நிரலிலேயே 20 மில்லிசெகண்ட் காத்திருந்து சமாளிக்கலாம், கெப்பாசிட்டர் வேண்டாம் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், கணக்கு பிடிக்காத பையனை இழுத்துப் பிடித்து நிறுத்துவது நியாயமா? அடுத்த செமஸ்டரில் கன்ட்ரோல் சிஸ்டம் வரும், அதற்கடுத்து சிக்னல் செயலாக்கம். லாப்லாஸ் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

சிப்பி:

அது நியாயமான கேள்வி. அவனுக்குக் கணக்கு பிடிக்கவில்லையா, இல்லை எதற்கென்று சொல்லாமல் கொடுத்த கணக்கு பிடிக்கவில்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. மேலே 12.5 வந்ததும் ஏன் 0.5 என்று உடனே கேட்டானே, கணக்கு பிடிக்காதவன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

லாப்லாஸ் பற்றி ஒரு விஷயம். தந்திக் கம்பிகளில் சிக்னல் எப்படிப் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் ஆலிவர் ஹெவிசைட், 16 வயதில் பள்ளியை விட்டவர், தந்தி இயக்குபவராக வேலை பார்த்தவர். வகையீடு என்ற செயலையே ஒரு எழுத்தாக வைத்து, அதை எண் மாதிரி பெருக்கி வகுத்து விடை கண்டுபிடித்தார். கணிதக்காரர்கள் இது முறையே இல்லை என்றார்கள். விடை என்னவோ சரியாக வந்துகொண்டிருந்தது. இன்று லாப்லாஸ் பாடத்தில் எஸ் என்ற எழுத்தை வைத்து நாம் செய்கிற அதே வித்தைதான், பின்னால் வந்தவர்கள் அதற்கு முறையான அடித்தளம் போட்டார்கள். மாக்ஸ்வெல் 1865-ல் 20 சமன்பாடாக வெளியிட்டதை இன்று புத்தகத்தில் இருக்கிற நாலு சமன்பாடாகச் சுருக்கியதும் அவர்தான். மின்காந்தவியல் படிக்கும்போது நாலுதானே இருக்கிறது என்று அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்.

லேப் கதவு:

தம்பிக்கு ஒரு வேலை. அடுத்த தடவை லேப் திறந்திருக்கும்போது போய் அதே சுற்றைப் போடு. உள்ளீட்டை 1 வோல்ட்டிலிருந்து 0.1 வோல்ட்டாகக் குறை, அதிர்வெண் அதே 20 கிலோஹெர்ட்ஸ். ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன்பு, என்ன வடிவம் வரும், எத்தனை வோல்ட் வரும் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போட வேண்டும். முன்னாடியே எழுதுவதுதான் முக்கியம். பார்த்த பிறகு எதைப் பார்த்தாலும் "இதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றும். எழுதிய எண்ணும் மீட்டரின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றைத்தான், ரெக்கார்டு அழகாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதே இல்லை.

அப்படியே, எந்த அதிர்வெண்ணில் முக்கோணம் ஆகத் தொடங்கும் என்பதையும் எழுது. 10 வோல்ட் உச்சத்துக்கு.

கருகிய ரெசிஸ்டர்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். இன்று லேபில் இருந்தேன்.

போவதற்கு முன் எழுதியது: 0.1 வோல்ட் கொடுத்தால் வெளியே 1 வோல்ட், அதற்குத் தேவை மைக்ரோசெகண்டுக்கு 0.126 வோல்ட்தான், 0.5-க்குக் கீழே, ஆகவே சைன். உயரம் 0.98 வோல்ட் (91 கிலோஹெர்ட்ஸ் விஷயத்தையும் சேர்த்துக்கொண்டேன்). முக்கோணம் ஆகத் தொடங்குவது, 5 லட்சத்தை 62.8-ஆல் வகுத்தால், 8 கிலோஹெர்ட்ஸ் சுமாருக்கு.

பார்த்தது: சைன், அட்டகாசமாக. ஆனால் உயரம் 9.8 வோல்ட்! 0.1 உள்ளே போகிறது, 9.8 வெளியே வருகிறது. கெயின் 98-ஆ? ரெசிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன், 1 கிலோஓமும் 10 கிலோஓமும்தான். போன தடவை உட்கார்ந்த மேசை கிடைக்கவில்லை, வேறு மேசை. அரை மணி நேரம் முழித்துவிட்டு லேப் மூடும் நேரம் என்று வந்துவிட்டேன். 8 கிலோஹெர்ட்ஸைப் பார்க்கவே இல்லை.

அரை அலை:

புது 741-ஓ என்னவோ, சக்தி அதிகம் போல 😂

லேப் கதவு:

கெயின் 98-ஆக இருக்க முடியாது, ஏன் என்று உனக்கே தெரியும். 9.8 வோல்ட் உச்சமுள்ள 20 கிலோஹெர்ட்ஸ் சைனை 741 தரவே முடியாது என்று நீதான் போன வாரம் கண்டுபிடித்தாய். ஆகவே திரையில் வந்த எண்தான் தப்பு. சரியாகப் பத்து மடங்கு தப்பு. பத்து என்ற எண்ணைக் கேட்டதும் உனக்கு என்ன ஞாபகம் வர வேண்டும்?

கருகிய ரெசிஸ்டர்:

ப்ரோப்!

சுற்றை ஸ்கோப்போடு இணைக்கும் அந்த ப்ரோபின் கழுத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்குமே, 1 மடங்கு, 10 மடங்கு என்று. ஸ்கோப்பின் மெனுவில் அந்தச் சேனலை 10 என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், என் ப்ரோப் 1-இல் இருந்திருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக் காட்டியிருக்கிறது. உள்ளீட்டை அளந்த இரண்டாவது சேனல் சரியாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. நாளைக் காலையில் போய்ப் பார்க்கிறேன்.

மூன்று ஃபேஸ்:

அதே ப்ரோபைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் தொங்குகிற முதலைவாய் கிளிப், ஸ்கோப்பின் மூன்று முள் ப்ளக் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. ஆப்-ஆம்ப் சுற்றில் அதை கிரவுண்டில் மாட்டுவதால் உனக்குத் தெரிவதில்லை. பவர் லேபில் மெயின்ஸின் லைவ் பக்கம் அதைக் கொண்டுபோய் மாட்டினால் லைவையும் எர்த்தையும் நீயே ஒரு கம்பியால் இணைத்த மாதிரி. பட்டென்று ஒரு வெளிச்சம், கிளிப் இருந்த இடத்தில் கரி. நான் பார்த்திருக்கிறேன். மெயின்ஸை அளக்க டிஃபரன்ஷியல் ப்ரோப் என்று தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்கு.

கருகிய ரெசிஸ்டர்:

சுவிட்ச்தான். மெனுவில் 10, ப்ரோபில் 1. இரண்டையும் 10-க்கு வைத்ததும் 0.98 வந்தது. எழுதிவைத்த அதே எண். இதற்கெல்லாம் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

10 வோல்ட் உச்சத்தில் அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றினேன். 8-இல் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, 9-ஐத் தாண்டும்போது சுழியைக் கடக்கும் இடம் நேராகத் தொடங்கியது, 12-இல் யார் பார்த்தாலும் தெரியும். 20-இல் உச்சியிலிருந்து உச்சி 13.4 வோல்ட் (இந்தத் தடவை குறித்தேன்). 25-ஆல் வகுத்தால் 0.54. அதை வைத்துத் திரும்பப் போட்டால் தொடக்கம் 8.6 கிலோஹெர்ட்ஸ் என்று வருகிறது, என் கண்ணுக்கு 9-இல் தெரிந்தது, ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன்.

ரெக்கார்டில் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் முக்கோணத்தை வரைந்து, அளந்த எண்களை எழுதி, லேபில் காட்டினேன். "கையெழுத்து போட்ட பிறகு ஏன் மாற்றுகிறாய்" என்று முதலில் ஒரு சத்தம் விழுந்தது. அப்புறம் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வேறு ஐசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். டிஎல்081 என்ற ஆப்-ஆம்ப் போட்டால் மைக்ரோசெகண்டுக்கு 13 வோல்ட் வரை தாங்கும், முக்கோணம் வராது என்றேன் (நேற்று ராத்திரி தரவுத்தாளில் பார்த்தது). ஒன்றும் சொல்லாமல் அதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிரிவு மாறும் விண்ணப்பம் வாங்கிவைத்தது மேசையில் கிடக்கிறது, இன்னும் நிரப்பவில்லை. நிரல்வாசி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நிரல்வாசி:

எனக்கென்ன கோபம். ஆனால் லாப்லாஸை இப்போதே உட்கார்ந்து படி, கன்ட்ரோல் சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்காதே.

கருகிய ரெசிஸ்டர்:

மூன்று ஃபேஸ் அண்ணா, வரும் வாரம் ட்ரான்ஸ்ஃபார்மர் லேப். 2 கேவிஏ, 230-க்கு 115. ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் இரண்டும். முன்னாடியே எண்ணை எழுத உட்கார்ந்தேன், எந்தப் பக்கம் சப்ளை கொடுப்பது என்பதிலேயே குழப்பம்.

மூன்று ஃபேஸ்:

ஓப்பன் சர்க்யூட்டுக்கு 115 பக்கம் கொடு, 230 பக்கம் திறந்திருக்கும். முழு மின்னழுத்தம் கொடுக்க வேண்டிய சோதனை, அதனால் சின்ன மின்னழுத்தப் பக்கம் வசதி. திறந்திருக்கிறதே என்று மறுபக்கத்து முனையில் கை வைத்துவிடாதே, அங்கே 230 முழுசாக நிற்கும். வாட்மீட்டர் குறைந்த பவர் ஃபேக்டருக்கான வகையாக இருக்க வேண்டும், சாதாரணமானதில் முள் நகர்ந்ததே தெரியாது.

ஷார்ட் சர்க்யூட்டுக்கு 115 பக்கத்தைக் குட்டையாகக் கட்டிவிட்டு 230 பக்கம் கொடு. இங்கே மின்னோட்டம்தான் முழுசாகப் போக வேண்டும், மின்னழுத்தம் கொஞ்சம் போதும். எவ்வளவு மின்னோட்டம் என்று நீ சொல்.

கருகிய ரெசிஸ்டர்:

2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர்.

மூன்று ஃபேஸ்:

சரி. 10 ஆம்பியர் அம்மீட்டர் எடுத்துக்கொள். 230-இல் சில சதவீதம் கொடுத்தாலே, பத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்குள், அந்த 8.7 வந்துவிடலாம், அதனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) சுழியில் இருக்கிறதா என்று கையால் திருப்பிப் பார். முந்தைய குழு அதை எங்கே விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, உன் ப்ரோப் மாதிரிதான்.